ஓக் நடப் போகிறீர்களா? மண்ணுக்குக் கீழே இருந்து தொடங்குங்கள்

நான் முதன்முதலில் நட்ட ஓக் கன்று, கோடை முழுவதும் எட்டே எட்டு இலையோடு நின்றது. ஒன்பதாவது வந்ததா என்று தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். வரவில்லை. இலையுதிர்காலத்தில் அந்த எட்டும் பழுத்துக் காய்ந்தன, ஆனால் உதிரவில்லை. சரி, போய்விட்டது என்று முடிவுகட்டிப் பிடுங்கப் போனேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், அப்போதும் இல்லை. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஈரப்பச்சை.

மேலே சும்மா நிற்பதுபோலத் தெரிந்த நாட்களில் அது கீழே போய்க்கொண்டிருந்தது. வட அமெரிக்காவின் பர் ஓக், முளைத்த முதல் பருவத்துக்குள்ளேயே ஒரு மீட்டருக்கும் ஆழமாக வேர்விட்டிருப்பதைத் தோண்டி அளந்திருக்கிறார்கள். மேலே கன்று ஒரு சாண் இருக்கும், மிஞ்சினால் இரண்டு சாண். அதனால்தான் இந்த வழிகாட்டியில் இலை, கிளை பற்றிக் கொஞ்சமாகவும் மண், குழி, வேர் பற்றி நிறையவும் பேசப் போகிறேன்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. அகராதியில் இதற்குக் கருவாலி என்று இருக்கிறது. யாரும் பேசிக் கேட்டதில்லை, ஆகவே ஓக் என்றே வைத்துக்கொள்வோம். சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போலத் தொப்பி போட்டிருக்கும் அதன் விதையை ஓக் கொட்டை என்கிறேன்.

எந்த ஓக் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உலகத்தில் 400-க்கும் மேற்பட்ட ஓக் இனங்கள் உண்டு. அத்தனையும் நமக்கு வேண்டாம். குளிர்நாடுகளில் வீட்டு நிலத்தில் நடும் ஓக்குகளில் பெரும்பாலானவற்றை வெள்ளை ஓக், சிவப்பு ஓக் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்து மடல்கள் உருண்டையாக முடிந்தால் வெள்ளைக் கூட்டம். மடல்கள் கூராகி, நுனியில் மயிரிழை போல ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புக் கூட்டம். கொட்டை எப்போது முளைக்கும், வாடல் நோய் தாக்கினால் மரம் பிழைக்குமா என்ற இரண்டு கேள்விக்கும் விடை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

அடுத்தது குளிர். அமெரிக்க வேளாண்மைத் துறையின் குளிர்மண்டல வரைபடத்தைப் பல நாடுகளில் நாற்றுப்பண்ணைக்காரர்கள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எத்தனை டிகிரிக்கு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. 3-ஆம் மண்டலம் என்றால் மைனஸ் 40 முதல் மைனஸ் 34 டிகிரி செல்சியஸ் வரை. 8-ஆம் மண்டலம் என்றால் மைனஸ் 12 முதல் மைனஸ் 7 வரை. பர் ஓக் 3-ஆம் மண்டலத்தையே தாங்கும். சதுப்பு வெள்ளை ஓக்கும் வட அமெரிக்கச் சிவப்பு ஓக்கும் 4-ஆம் மண்டலம் வரை போகும். ஐரோப்பாவின் இங்கிலீஷ் ஓக் 5 வரை. இலை உதிர்க்காத ஹோம் ஓக் 7-க்கும் லைவ் ஓக் 8-க்கும் கீழே போனால் சிரமம். குளிர்கால ஓய்வே இல்லாமல் வருஷம் முழுக்க வெப்பம் அடிக்கும் சமவெளியில் இந்தக் குளிர்நாட்டு இனங்கள் எதுவும் சரிப்படாது. அங்கே வேறு மரம் பாருங்கள்.

முரடான, எதையும் தாங்கும் ஓக் ஒன்று சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் பர் ஓக் என்பேன். கெட்டிக் களிமண், சுண்ணாம்பு கலந்த மண், வறட்சி எல்லாவற்றையும் சமாளிக்கும். தடித்துப் பிளவுபட்ட அதன் பட்டை புல்வெளித் தீயையே தாங்கிப் பழகியது. ஒரே குறை, இடம். 20 முதல் 25 மீட்டர் உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு அகலமும் ஆகிவிடும்.

பின் ஓக் பற்றி ஓர் எச்சரிக்கை. வேகமாக வளரும், பிடுங்கி நட்டாலும் சட்டென்று பிடிக்கும், அதனால் நிறைய விற்கிறார்கள். ஆனால் காரமண்ணில் அதற்கு இரும்புச்சத்து எட்டாது. நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிர் மஞ்சளாக இலை வெளுத்து, வருஷத்துக்கு வருஷம் உச்சிக்கிளை காய்ந்துகொண்டே வரும். மருந்து போட்டு மாளாது. மண்ணைச் சோதிக்காமல் பின் ஓக் வாங்காதீர்கள்.

இனத்தின் பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதாது, விதை எங்கே எடுத்தது என்றும் கேளுங்கள். வடக்கே வளரும் பர் ஓக்கின் கொட்டை சிறியது. தெற்கே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். குளிர் தாங்கும் திறனும் அப்படித்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. வெதுவெதுப்பான ஊரில் எடுத்த கொட்டையில் முளைத்த கன்று, பெயர்ப்பலகையில் பர் ஓக் என்று இருந்தாலும் கடுங்குளிரில் நுனி கருகும். உங்கள் நிலத்துக்குப் பக்கத்திலேயே நல்ல தாய்மரம் ஒன்று இருந்தால் அதைவிட நல்ல விதை வேறு கிடையாது.

இடம் பார்ப்பது

ஒரு குச்சியை நட்டு, அதில் 10 மீட்டர் கயிறு கட்டி, கயிற்றை இழுத்துப் பிடித்தபடி ஒரு வட்டம் நடந்து பாருங்கள். வளர்ந்த பர் ஓக்கின் நிழல் விழும் வட்டம் அது. அதற்குள் வீட்டுக் கூரை வருகிறதா, மின்கம்பி போகிறதா, பக்கத்து வீட்டுக்காரரின் காய்கறித் தோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 8 மீட்டர், முடிந்தால் இன்னும் கூடுதலாகத் தள்ளி நடுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கிளை வரக்கூடாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை ஓக் கொட்டையை வாரி இறைக்கும். தகரத்தின் மேல் கல் எறிந்தாற்போல ராத்திரி முழுக்கச் சத்தம் கேட்கும்.

ஒரு நாளில் ஆறு மணிநேரமாவது நேர்வெயில் வேண்டும். குதிரையோ மாடோ மேயும் நிலம் என்றால் வேலிக்கு வெளியே நடுங்கள். கொட்டையிலும் இளம் இலையிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம் மண். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணிநேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2 அல்லது 3 சென்டிமீட்டர் இறங்கினால் பெரும்பாலான ஓக்குகளுக்குப் போதும். மறுநாளும் தேங்கியே கிடந்தால் அங்கே பொருந்துவது சதுப்பு வெள்ளை ஓக்தான். மண் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவும் பார்த்துவிடுங்கள். 7-க்கு மேல் போனால் பின் ஓக்கும் சிவப்பு ஓக்கும் முகம் சுளிக்கும், பர் ஓக் கண்டுகொள்ளாது.

ஆணிவேர் நேராகக் கீழே போகிறது, பக்கத்தில் என்ன இருந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். ஆணிவேரின் ஆட்சி இளமையில்தான். மரம் பெரிதாகப் பெரிதாகப் பக்கவேர்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளும். வளர்ந்த ஓக்கின் வேரில் பெரும்பகுதி மேல் அரை மீட்டர் மண்ணுக்குள்ளேயே, கிளை பரவியதைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடும்.

கொட்டையிலிருந்து வளர்ப்பதானால்

பொறுமை இருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது என் கட்சி. இடம்பெயர்க்காத வேர் போல வேறு வேர் இல்லை.

இலையுதிர்காலத்தில் தாய்மரத்தின் அடியில் முதலில் விழுபவற்றை விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் பூச்சி விழுந்தவை. தொப்பி கழலாமல் இறுக ஒட்டிக்கொண்டு விழுவதும் சந்தேகக் கேஸ். முற்றிய கொட்டை தொப்பியிலிருந்து இலகுவாகக் கழலும். பர் ஓக் மட்டும் இதற்கு விலக்கு. ஓரமெல்லாம் சிலும்பிய ஆழமான தொப்பி அதற்கு, பல சமயம் அதோடு சேர்ந்தேதான் விழும்.

பொறுக்கியதை ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். மூழ்கியது விதை, மிதப்பது குப்பை. நம்பிக்கை இல்லையென்றால் மிதப்பதில் ஒன்றை உடைத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சள் பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு மாவு, அதற்குள் காலே இல்லாத, பிறை போல வளைந்த வெள்ளைப் புழு, தலை மட்டும் செம்பழுப்பு. கூன்வண்டின் புழு அது. தாய் வண்டு, கொட்டை பச்சையாக இருந்தபோதே நீண்ட மூக்கால் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும். ஓட்டில் கச்சிதமான வட்டத் துளை தெரிந்தால் புழு தின்று முடித்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

மற்ற விதைகளைப் போல ஓக் கொட்டையை வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. காய்ந்தால் உயிர் போய்விடும். மேசை மேல் அழகாக இருக்கிறதே என்று இரண்டு வாரம் தட்டில் பரப்பி வைத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. பொறுக்கிய நாளிலிருந்து விதைக்கும் நாள்வரை ஈரம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கூட்டத்துக் கொட்டை ஒரே பருவத்தில் முற்றும், விழுந்த சில வாரங்களிலேயே முளைவேர் விட்டுவிடும். அதை அந்த இலையுதிர்காலத்திலேயே மண்ணில் வைத்துவிடுங்கள். சிவப்புக் கூட்டத்துக் கொட்டை முற்ற இரண்டு பருவம் ஆகும், குளிரை அனுபவித்த பிறகுதான் முளைக்கும். வெளியில் விதைத்தால் குளிர்காலமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெளியில் விதைக்க முடியாவிட்டால், பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமான தேங்காய் நார்க்கழிவிலோ மணலிலோ கலந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை லேசாகத் திறந்து வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 6 முதல் 12 வாரம் வையுங்கள். உறைபெட்டியில் வைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, பூஞ்சை பிடித்ததை எறியுங்கள். பர் ஓக் வெள்ளைக் கூட்டம்தான் என்றாலும், வடக்கத்தி விதையாக இருந்தால் சிவப்பைப் போலவே கொஞ்சம் குளிர் கேட்கும்.

விதைக்கும்போது எந்தப் பக்கம் மேலே என்று குழம்ப வேண்டாம், படுக்கவைத்து நடுங்கள். வேர் கூர்முனையிலிருந்து வெளிவந்து தானே கீழே திரும்பிவிடும். 3 முதல் 5 சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். ஓர் இடத்தில் மூன்று கொட்டை வைத்து, அடுத்த வருஷம் நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டைத் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் சேர்ந்து அறும்.

மேலே கம்பிவலை போடாமல் மட்டும் வராதீர்கள். அணில் மறுநாளுக்குள் கணக்கைத் தீர்த்துவிடும். வட அமெரிக்கச் சாம்பல் அணிலின் கெட்டிக்காரத்தனம் ஒன்று: வெள்ளை ஓக் கொட்டை சீக்கிரம் முளைத்துக் கெட்டுவிடும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதனால் புதைப்பதற்கு முன்னால் முளை இருக்கும் முனையை மட்டும் கடித்து எடுத்துவிட்டுப் புதைக்கும். சிவப்புக் கொட்டையை அப்படியே புதைக்கும். சின்னக் கண்ணுள்ள வலையைக் கூடுபோல வளைத்து, விளிம்பை மண்ணுக்குள் ஒரு விரல் நீளமாவது இறக்கிவிடுங்கள்.

தொட்டியில்தான் வளர்க்க வேண்டும் என்றால் 30 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், அடி திறந்த தொட்டி. அதைக் கம்பிவலை மேல் தூக்கி வையுங்கள். கீழே எட்டிப் பார்க்கும் வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து நின்று, பக்கவேர்கள் கிளம்பும். வேர் சுற்றத் தொடங்கும் முன், ஒரே வருஷத்தில் நிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கன்றாக வாங்குவதானால்

பெரிய மரமாக வாங்கினால் சீக்கிரம் நிழல் கிடைக்கும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆளுயரத்துக்கும் மேலான சிவப்பு ஓக் ஒன்றைத் தொட்டியோடு வாங்கி வந்து நட்டேன். நான்கு வருஷம் நின்ற இடத்தில் நின்றது. ஐந்தாம் வருஷம் ஒரு காற்றில் சாய்ந்தது. தூக்கிப் பார்த்தால், எப்போதோ கழற்றி எறிந்த தொட்டியின் வடிவம் வேரில் அப்படியே இருந்தது. கயிற்றுச் சுருள் மாதிரி சுற்றிச் சுற்றி, தன்னைத் தானே கட்டிக்கொண்டு. விற்றவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தொட்டியிலிருந்து உருவிப் பார்க்காமல் வாங்கியது நான்தான்.

அதனால் வாங்கும் இடத்திலேயே தொட்டியைச் சாய்த்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். சுண்டுவிரல் தடிமனுள்ள வேர் வட்டமடித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மெல்லிய வேர்கள் மட்டும் சுற்றியிருந்தால் பரவாயில்லை. நடும்போது வேரோடு ஒட்டியிருக்கும் மண்பந்தின் நாலு பக்கமும் கத்தியால் மேலிருந்து கீழாக ஒரு கீறு போட்டு, விரலால் பிரித்துவிடலாம். இடம்பெயர்ந்த மரம் காலூன்ற, தண்டின் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கும் ஏறக்குறைய ஒரு வருஷம் என்று கணக்குச் சொல்வார்கள். குளிர்நாட்டில் இன்னும் கொஞ்சம் கூடும். இடுப்புயரக் கன்று, 7 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரத்தைச் சில வருஷங்களில் எட்டிப் பிடித்துவிடுவதற்குக் காரணம் இதுதான். பணமும் மிச்சம்.

குழி

இந்த ஒரு நாள் வேலையை அவசரப்படாமல் செய்தீர்களானால் மீதிக் காலம் மரம் உங்களை அதிகம் தொந்தரவு செய்யாது.

நேரம், வசந்தத்தின் தொடக்கத்தில் மொட்டு விரியும் முன். தொட்டிக் கன்றை இலையுதிர்காலத்தின் தொடக்கத்திலும் நடலாம். ஆனால் நிலத்திலிருந்து தோண்டி எடுத்த ஓக்குக்கு இலையுதிர்காலம் ஆகாது. அது புதுவேர் விடுவதில் மந்தம், வேர்விடும் முன் தரை உறைந்துவிடும்.

முதல் வேலை, வேர்க்கழுத்தைக் கண்டுபிடிப்பது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விளக்குமாற்றுக் குச்சி போல ஒரே நேராக இறங்கினால், கழுத்து உள்ளே புதைந்திருக்கிறது. விரலால் மேல்மண்ணை வழித்துக்கொண்டே போங்கள். தண்டு சற்று விரிந்து, முதல் பெரிய வேர் பக்கவாட்டில் கிளம்பும் இடம் தட்டுப்படும். சில தொட்டிகளில் இதற்கு நாலு விரற்கடை மண்ணை வழிக்க வேண்டியிருக்கும். அந்த இடம்தான் உங்கள் தரைமட்டம். அதற்கு மேல் ஒரு பிடி மண்கூடப் போகக் கூடாது. ஆழமாக நட்ட ஓக் உடனே சாகாது. பத்து வருஷம் கழித்து, காரணம் தெரியாமல் சாகும்.

குழியின் ஆழம் வேர்க்கழுத்திலிருந்து மண்பந்தின் அடிவரை, அவ்வளவே. ஒரு கழியை வைத்து அளந்துகொள்ளுங்கள். அடிமண்ணைக் கொத்திவிடாதீர்கள், பின்னால் அமுங்கி மரம் உள்ளே இறங்கிவிடும். அகலம் மட்டும் தாராளமாக, மண்பந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. களிமண்ணில் மண்வெட்டி பட்ட இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அந்தச் சுவரைக் கடப்பாரையால் கீறிவிடுங்கள், இல்லையென்றால் வேர் முட்டித் திரும்பும்.

குழிக்குள் எரு, உரம், கடையில் வாங்கிய நல்ல மண் எதுவும் வேண்டாம். வழக்கமாக இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் கெட்டி மண்ணும் நடுவில் பொலபொலப்பான மண்ணும் இருந்தால் மழைநீர் அந்த நடுவிலேயே வந்து தேங்கும், வேரும் வெளியே போக மனமில்லாமல் உள்ளேயே சுற்றும். எந்த மண்ணைத் தோண்டினீர்களோ அதே மண்ணைத் திருப்பிப் போடுங்கள்.

மண்பந்தில் சணல் சாக்கும் கம்பிக்கூடையும் இருந்தால், குழியில் நிறுத்திய பிறகு எட்டும்வரை வெட்டி எடுத்துவிடுங்கள். தண்டைச் சுற்றிய கயிறு கட்டாயம் போக வேண்டும். பாதிக் குழி மண் போட்டதும் தண்ணீர் ஊற்றி இறங்கவிட்டு, மீதியைப் போடுங்கள். காலால் ஓங்கி மிதிக்க வேண்டாம். தானாக நிற்கும் கன்றுக்கு முட்டுக்கழி தேவையில்லை, காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். நிற்கவில்லை என்றால் இரண்டு கழி நட்டு, அகலமான துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டி, ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள்.

மூடாக்கும் தண்ணீரும்

தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல்லை நீக்கி, மரச்சிராயையோ காய்ந்த இலையையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி ஒரு கையகலம் வெறுமையாக இருக்கட்டும். மூடாக்கைத் தண்டின் மேல் கோபுரமாகக் குவித்து வைப்பதை எங்கே பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். பட்டை அழுகும், எலி உள்ளே குடியிருந்து கொறிக்கும். புல்லை நீக்குவதில் இன்னொரு நன்மை, புல்வெட்டும் கருவி தண்டுக்குப் பக்கத்தில் வர வேலையே இல்லாமல் போகிறது. இளம் ஓக்கின் பட்டையைச் சுற்றி அந்தக் கருவியின் நைலான் நரம்பு ஒரு தடவை அடித்தாலே போதும், கன்று போய்விடும்.

தண்ணீர் தினமும் தெளிக்காதீர்கள். ஆளுயரக் கன்றுக்கு முதல் வருஷம் மழையில்லாத வாரத்தில் ஒருமுறை, 20 முதல் 40 லிட்டர், மெதுவாக இறங்கும்படி. கொட்டையில் முளைத்த சின்னக் கன்றுக்கு ஒரு வாளி. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரமிருந்தால் ஊற்ற வேண்டாம். இரண்டாம் வருஷம் இடைவெளியைக் கூட்டுங்கள், மூன்றாம் வருஷம் கடும் வறட்சிக்கு மட்டும். உரம் முதல் வருஷம் வேண்டவே வேண்டாம், பிறகும் அநேகமாக வேண்டாம். ஓக் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சைகள் மண்ணிலிருந்து அதற்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுக்கும். பக்கத்தில் வளர்ந்த ஓக் ஒன்று இருந்தால் அதன் அடியிலிருந்து ஒரு கை மண் கொண்டுவந்து மூடாக்குக்கு அடியில் தூவுவார்கள் சிலர், அந்த மரம் நோயில்லாததாக இருந்தால் தப்பில்லை.

முதல் குளிர்காலத்தில் பயப்பட வேண்டாம்

காய்ந்த இலையோடு நின்ற என் கன்றைச் சொன்னேனே, இளம் ஓக்குகளுக்கு அது இயல்பு. இலை பழுப்பாகிவிடும், ஆனால் வசந்தம்வரை கிளையை விடாது. வசந்தத்திலும் மற்ற மரங்களெல்லாம் துளிர்த்த பிறகு நிதானமாகத்தான் எழுந்திருக்கும். சந்தேகம் வந்தால் தண்டைச் சுரண்டிப் பார்க்க நகம் இருக்கிறது.

உண்மையான ஆபத்து முயல், மான், வயலெலி. பனிக்கு மேலே முயலும் பனிக்கு அடியில் எலியும் பட்டையைக் கடிக்கும். அரை மீட்டர் விட்டத்தில் கம்பிவலை உருளை ஒன்றைச் சுற்றி நிறுத்துங்கள். எதிர்பார்க்கும் பனியின் உயரத்துக்கு மேல் இன்னும் அரை மீட்டர் இருக்கட்டும், முயல் பனி மேல் ஏறி நின்றுதான் கடிக்கும். மான் வரும் இடமானால் கன்று ஆளுயரம் தாண்டும்வரை உயரமான கூடு வேண்டும்.

கவாத்து

முதல் இரண்டு வருஷம் ஒடிந்த கிளையைத் தவிர எதையும் வெட்டாதீர்கள். அப்புறம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உச்சிக்கு ஒரே தண்டு இருக்கிறதா? இரண்டு போட்டி போட்டால் வளைந்ததை வெட்டி, நேரானதை விடுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போலப் புடைத்திருக்கும், அதைச் சிதைக்காமல் அதற்கு வெளியே வெட்டுங்கள். ஒரே தடவையில் கால்வாசிப் பசுமைக்கு மேல் கழிக்க வேண்டாம்.

எப்போது வெட்டுவது என்பதில் விளையாடவே கூடாது. கடுங்குளிர்காலம், மரம் தூங்கும்போது. அமெரிக்காவில் ஓக் வாடல் என்று ஒரு பூஞ்சை நோய் பல மாநிலங்களில் இருக்கிறது, 2023-ல் கனடாவின் ஒன்டாரியோவிலும் உறுதியானது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் புதுவெட்டின் சாறு வாசனைக்குச் சின்ன வண்டுகள் வரும், நோயுற்ற மரத்தின் பூஞ்சை வித்தை உடம்பில் சுமந்துகொண்டு. சிவப்புக் கூட்டத்து மரம் சில வாரங்களிலேயே செத்துவிடும். வெள்ளைக் கூட்டம் சில வருஷம் போராடும், சில சமயம் பிழைத்தும் விடும். பக்கத்துப் பக்கத்து ஓக்குகளின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதால் நோய் அந்த வழியாகவும் போகும். நோய் உள்ள பகுதியில் புயலில் கிளை முறிந்து கோடையிலேயே வெட்ட வேண்டி வந்தால், வெட்டிய உடனே அந்த இடத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். மரக்காயத்துக்குப் பெயின்ட் அடிக்காதே என்பது பொது விதி, இது அதற்கு விலக்கு. அங்கிருந்து ஓக் விறகை வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் கூடாது.

பார்த்ததும் பதறவைக்கும் சில விஷயங்கள்

இலையிலும் குச்சியிலும் கோலிக்குண்டு போலவோ பஞ்சுருண்டை போலவோ புடைப்புகள் வரும். மிகச் சிறிய குளவிகள் முட்டையிட்டதற்கு மரம் காட்டும் எதிர்வினை அது. மருந்து தேவையில்லை, மரத்துக்குப் பெரும்பாலும் பாதகமும் இல்லை. நமக்குத் தெரிந்த மாசிக்காய் இப்படி ஒரு புடைப்புதான். மேற்காசியாவில் வளரும் ஓர் ஓக்கின் குச்சியில் குளவி கட்டவைத்த வீடு, காயே கிடையாது.

வெள்ளைப் பொடி தூவியது போன்ற சாம்பல் நோய் இங்கிலீஷ் ஓக்கில் கோடைக்கடைசியில் சகஜம், விட்டுவிடலாம். கம்பளிப்புழு ஒரு வருஷம் மொட்டையடித்தாலும் திடமான ஓக் மறுபடி துளிர்க்கும். அந்தக் கோடையில் தண்ணீர் மட்டும் குறைக்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று வருஷம் மொட்டையடித்தால் மரநிபுணரைக் கூப்பிடுங்கள்.

வளர்ந்த ஓக்கைக் கொல்வது பெரும்பாலும் பூச்சி அல்ல, கட்டட வேலை. வேர்மேல் ஓர் அடி மண்ணைக் கொட்டி மட்டப்படுத்துவது, கிளை நிழலுக்குள் லாரியை நிறுத்துவது, குழாய்க்குப் பள்ளம் வெட்டுவது. வீட்டில் ஏதாவது வேலை நடந்தால், கிளைவிரிவுக்கும் வெளியே வேலி கட்டிவிட்டு ஆட்களை உள்ளே விடுங்கள்.

காய்க்கும் காலம்

முதல் கொட்டைக்கு 20 வருஷமாவது ஆகும். பர் ஓக்குக்கு 35 வருஷம் வரை போகலாம். ஆனால் உங்கள் மரம் காய்ப்பதற்கு வெகு முன்பே, எங்கிருந்தோ கொண்டுவந்த கொட்டையைக் காக்கைக் குடும்பத்து ஜே பறவை உங்கள் பூம்பாத்தியில் புதைத்துவைத்து மறந்துபோயிருக்கும். ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் புதைக்கும் பறவை அது. நாலு இலையோடு ஒன்று முளைத்து நிற்பதைப் பார்த்தால் அந்த வாரமே முடிவெடுங்கள். வேண்டுமென்றால் நீள மண்வெட்டியால் நேராகக் கீழே இறக்கி, கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வேரோடு தூக்கி இடம் மாற்றுங்கள். அடுத்த கோடைவரை தள்ளிப்போட்டால் இரண்டு கையாலும் இழுத்தாலும் வராது.